அடித்தவர் மனதில் என்ன இருந்தது? குற்ற எண்ணம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒருவர் கைபட்டு இன்னொருவர் இறந்துபோகிறார். ஒரு வழக்கில் ஆயுள் தண்டனை, இன்னொன்றில் ஏழு ஆண்டு, வேறொன்றில் விடுதலை. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது அநியாயமாகத் தெரியும். இறந்தவரின் வீட்டாருக்கு இன்னும் கசக்கும். செய்தவர் மனதில் அந்த நேரத்தில் என்ன இருந்தது என்று நீதிமன்றம் காணும் முடிவுதான் பெரும்பாலும் இந்த வித்தியாசத்தைக் கொண்டுவருகிறது. வழக்கில் சிக்கியவர்களும் அவர்கள் குடும்பத்தாரும், பாதிக்கப்பட்டவர்களும் இதைப் பற்றிக் கேட்கும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். பிரிவு எண்கள் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின்படி. இந்திய தண்டனைச் சட்டத்தின் பழைய எண்கள்தான் இன்னும் எல்லோர் வாயிலும் இருக்கின்றன என்பதால் தேவையான இடத்தில் அவற்றையும் சொல்கிறேன்.

மனதில் கெட்ட எண்ணம் வந்தாலே குற்றமா?

இல்லை. எண்ணம் மட்டும் இருந்தால் தண்டனை கிடையாது. ஏற்பாடு செய்வதுகூடப் பெரும்பாலும் குற்றமாகாது. கொள்ளையடிக்கத் தயாராவது போன்ற சில ஏற்பாடுகளை மட்டும் சட்டம் தனியே தண்டிக்கிறது. ஏற்பாட்டைத் தாண்டி முயற்சி என்ற படியில் கால் வைத்தால்தான் சட்டம் பிடிக்கும். தடையை மீறி டெல்லிக்கு நெல் ஏற்றிச் சென்ற ஒரு லாரியைப் பஞ்சாப் எல்லைக்குள் சமல்கா சோதனைச் சாவடியிலேயே மடக்கினார்கள். ஓட்டுநர் அங்கேயே மனம் மாறித் திரும்பியிருக்கவும் வாய்ப்புண்டு, அதனால் இது வெறும் ஏற்பாடுதான் என்று உச்ச நீதிமன்றம் விடுவித்தது.

சட்டம் சொல்லும் மனநிலைகள் என்னென்ன?

சட்டப் புத்தகங்களில் ‘மென்ஸ் ரியா’ (குற்ற மனம்) என்ற லத்தீன் தொடர் அடிபடும். நம் தண்டனைச் சட்டத்தில் அந்தத் தொடரே கிடையாது. மெக்காலே தலைமையிலான ஆணையம் 1837-இல் கொடுத்த வரைவிலிருந்தே வழி வேறு. எந்த மனநிலை வேண்டும் என்பதை ஒவ்வொரு குற்றத்தின் வரையறைக்குள்ளேயே எழுதிவிட்டார்கள். ஒரு பிரிவில் ‘எண்ணத்தோடு’, இன்னொன்றில் ‘தெரிந்தே’, வேறொன்றில் ‘நேர்மையின்றி’ அல்லது ‘அஜாக்கிரதையாக’ என்று இருக்கும். எனவே ‘குற்ற மனம் இருந்ததா’ என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. போட்டிருக்கும் பிரிவு எந்த மனநிலையைக் கேட்கிறது என்று முதலில் பாருங்கள்.

இந்த விளைவு வரவேண்டும் என்று செய்தால் அது எண்ணம். விளைவை விரும்பவில்லை, ஆனால் வரும் என்று தெரிந்தே செய்தால் அது அறிதல். கூட்டத்தைப் பார்த்துக் குண்டு நிரப்பிய பீரங்கியால் சுட்டவனைச் சட்டமே உதாரணமாகக் காட்டுகிறது. குறிப்பிட்ட யாரையும் கொல்ல அவன் நினைக்கவில்லை. ஆனாலும் அது கொலைதான். ஆபத்து தெரிந்தும் ‘ஒன்றும் ஆகாது’ என்று துணிவது அடுத்த படி. கவனிக்கவேண்டியதைக் கவனிக்காமலே விடுவது கடைசிப் படி.

எங்களுக்குள் முன்விரோதமே இல்லை. அப்புறம் எப்படிக் கொலை வழக்கு?

முன்விரோதம் என்பது ஏன் செய்தார் என்பதற்கான காரணம். எண்ணம் என்பது எதைச் செய்ய முனைந்தார் என்பது. கொலைக் குற்றத்தின் வரையறையில் காரணத்துக்கு இடமே இல்லை. நேரில் பார்த்த சாட்சி நம்பும்படி இருந்தால், காரணம் தெரியாவிட்டாலும் தண்டனை விழும். நேரடி சாட்சி இல்லாமல் சூழ்நிலைச் சாட்சியத்தை மட்டும் நம்பி நடக்கும் வழக்கில்தான் காரணம் கனம் பெறுகிறது. நல்ல காரணமும் காப்பாற்றாது. பசித்த பிள்ளைக்காகத் திருடினாலும் திருட்டுதான். தண்டனையைக் குறைக்கச் சொல்லிக் கேட்க அது உதவும், அவ்வளவே.

“கொல்ல நினைக்கவில்லை, ஒரே ஒரு குத்துதான்.” இதைச் சொன்னால் கொலைக் குற்றம் விலகிவிடுமா?

நீதிமன்ற வாசலில் மிக அதிகமாகக் காதில் விழும் வாக்கியம் இது. இதை நம்பி இருந்துவிட வேண்டாம்.

கொல்லும் எண்ணம் என்பது கொலையின் நான்கு வகைகளில் ஒன்றுதான். பிரிவு 101-இல், அதாவது பழைய 300-இல், மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறது. உடலில் ஒரு காயத்தை உண்டாக்கும் எண்ணம் இருந்து, அந்தக் காயம் இயல்பாகவே மரணத்தைக் கொண்டுவரப் போதுமானதாக இருந்தால் அதுவும் கொலை. இதன் பொருளை 1958-இல் விர்சா சிங் வழக்கில் நீதிபதி விவியன் போஸ் தெளிவாக்கினார். பஞ்சாபில் ஓர் இளைஞர் ஈட்டியால் வயிற்றில் ஒரே குத்து குத்தினார். குத்துப்பட்டவர் சுமார் 21 மணி நேரம் கழித்து இறந்தார். கொல்லும் எண்ணம் இருந்ததாக நிரூபிக்கப்படவில்லை என்று வாதாடினார்கள். போஸ் கேட்ட கேள்விகள் வேறு. காயம் இருக்கிறதா? எப்படிப்பட்ட காயம்? அந்தக் காயத்தை உண்டாக்கவே குத்தினாரா, அல்லது கை தவறி, குறி தவறி அங்கே பட்டதா? இந்த மூன்றுக்கும் விடை கிடைத்த பிறகு நான்காவது: அந்தக் காயம் இயல்பாக மரணத்தை விளைவிக்கப் போதுமானதா? இந்தக் கடைசிக் கேள்விக்கும் குற்றவாளியின் மனதுக்கும் சம்பந்தம் இல்லை. அது மருத்துவர் சொல்லவேண்டிய விடை. இவ்வளவு பெரிய காயமாகும் என்று அவருக்குத் தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது.

ஆகவே ஒரே குத்து என்பதால் குற்றம் தானாகக் குறைவதில்லை. அதேபோல் ஒரே குத்து என்றால் எப்போதும் கொலைதான் என்றும் இல்லை. தள்ளுமுள்ளில் தொடையைக் குறிவைத்த கத்தி, எதிராளி திரும்பியதால் வயிற்றில் இறங்கியிருந்தால் மூன்றாம் கேள்விக்கான விடையே மாறிவிடும். ஆயுள் தண்டனையா, சில ஆண்டுகளா என்பது பல வழக்குகளில் இந்த ஒரு கேள்வியில்தான் தொங்குகிறது.

சரி, ஒருவர் மனதில் இருந்ததை எப்படி நிரூபிப்பார்கள்?

செயலை வைத்துத்தான். கையில் என்ன ஆயுதம், வீட்டிலிருந்தே கொண்டுவந்ததா அல்லது அங்கே கிடந்த கட்டையா, உடம்பின் எந்த இடத்தில், எத்தனை முறை, எவ்வளவு வேகத்தில், அடிக்கும்போது என்ன சொன்னார், விழுந்தவரை விட்டு ஓடினாரா அல்லது ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குத் தூக்கிப் போனாரா. இவை எல்லாம் சேர்ந்துதான் மனதைக் காட்டும். முதல் புகாரிலும் பிரேதப் பரிசோதனை அறிக்கையிலும் உள்ள சின்னச் சின்ன விவரங்களுக்கு இவ்வளவு மதிப்பு வருவது இதனால்தான். பாதிக்கப்பட்டவர் தரப்பாக இருந்தால் புகார் கொடுக்கும்போதே ஆயுதம், இடம், பேசிய பேச்சு எல்லாவற்றையும் உள்ளபடி சொல்லுங்கள். மிகைப்படுத்திச் சொன்ன ஒரு வரி பிறகு பொய்யென்று தெரிந்தால், உண்மையான வரிகளும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

302-க்கும் 304-க்கும் என்ன வித்தியாசம்?

இப்போது அவை 103-ம் 105-ம். 103 கொலைக்கான தண்டனை: மரணம் அல்லது ஆயுள். கொலை என்ற அளவை எட்டாத மரணக் குற்றத்துக்கு 105. அதிலும் இரண்டு படி. எண்ணம் இருந்தால் ஆயுள், அல்லது 5 முதல் 10 ஆண்டு. மரணம் நேரலாம் என்று தெரிந்து மட்டும் செய்திருந்தால் 10 ஆண்டு வரை.

கொலையாக நிற்கவேண்டியதே கீழே இறங்கும் வழியும் உண்டு. திடீரென மூண்ட கடும் ஆத்திரம், முன்திட்டம் இல்லாத திடீர்ச் சண்டை, தற்காப்பில் எல்லை மீறியது போன்ற விதிவிலக்குகள் அவை. ஆத்திரம் திடீரென்று வந்ததாக இருக்கவேண்டும். வீட்டுக்குப் போய் அரிவாளோடு திரும்பி வருவதற்கு நேரம் கிடைத்திருந்தால், ஆறுவதற்கும் நேரம் கிடைத்தது என்றுதான் நீதிமன்றம் பார்க்கும்.

வருடக்கணக்கில் கொடுமை பட்டவர்களின் மனநிலையைச் சட்டம் பார்க்காதா?

பார்க்கத் தொடங்கியது நம் சென்னை உயர் நீதிமன்றம் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. கணவனின் கொடுமை தாளாமல் பிள்ளைகளோடு கிணற்றில் விழுந்து, பிள்ளைகள் இறக்க, தான் பிழைத்துக்கொண்ட ஒரு தாயின் வழக்கு 1989-இல் வந்தது. இப்படிப்பட்ட ஒரு வழக்கில் மத்திய பாரத உயர் நீதிமன்றம் 1953-இல் தாயைக் கொலைக் குற்றவாளி என்றே தீர்த்திருந்தது. கிணற்றில் குதித்தால் பிள்ளைகள் சாவார்கள் என்று அவளுக்குத் தெரியுமே என்பது அதன் காரணம். சட்ட வரிகளின்படி அது பிழையில்லை.

சென்னை நீதிமன்றம் வரிகளோடு நின்றுவிடவில்லை. ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போட்டுத் தானும் விழுந்த நல்லதங்காளின் கதையை நினைவுகூர்ந்து, இந்த மனநிலைக்கு நல்லதங்காளின் பெயரையே வைத்தது. ஆத்திரம் ஒரு நொடியில் மூண்டதாக இல்லாமல், நாள்பட்டு ஊறி ஊறி ஒரு நாள் உடைந்ததாகவும் இருக்கலாம் என்று ஏற்றது. குற்றத்தைக் கொலையிலிருந்து குறைத்தது. பிற மாநில நீதிமன்றங்களும் பிறகு இதை எடுத்தாண்டன. ஆனாலும் சட்டத்தின் வாசகம் இன்றும் ‘திடீர்’ ஆத்திரத்தைத்தான் கேட்கிறது. 2023-இல் புதிய சட்டம் எழுதியபோது இதைச் சேர்த்திருக்கலாம். சேர்க்காதது பெரிய குறை.

ஒருவரைக் கொல்ல நினைத்து வேறொருவர் இறந்தால்?

கொலைதான். இதற்கும் சென்னை உயர் நீதிமன்றத்தின் 1912 தீர்ப்புதான் நாடு முழுவதும் பாடம். ஒருவர் பெயரில் ஆயுள் காப்பீடு எடுத்துவிட்டு, அவருக்கு விஷம் கலந்த அல்வா கொடுத்தார் இன்னொருவர். கொஞ்சம் தின்றுவிட்டு மீதியை அவர் ஒதுக்கிவைக்க, கொடுத்தவரின் சொந்தக்காரச் சிறுமி அதை எடுத்துத் தின்று இறந்துபோனாள். குறிவைக்கப்பட்டவர் பிழைத்துக்கொண்டார். அந்தக் குழந்தையைக் கொல்லும் எண்ணம் துளியும் இல்லையே என்ற வாதம் பெரும்பான்மை நீதிபதிகளிடம் எடுபடவில்லை. எண்ணம் ஒருவர் மேல், மரணம் வேறொருவருக்கு என்றாலும் குற்றம் அதேதான் என்கிறது பிரிவு 102.

செத்துவிட்டார் என்று நினைத்து உடலை மறைத்தார்கள். அந்த மறைப்பால்தான் உயிர் போனது. இது எந்தக் குற்றம்?

சட்ட மாணவர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளும் இந்தக் கேள்விக்கு இரண்டு தமிழ்நாட்டு வழக்குகள் எதிரெதிர் விடை தருகின்றன. உண்மையில் அவை முரண்படவில்லை.

1919-இல் பழனி கவுண்டன் வழக்கு. கணவன் கலப்பைக் கொழுவால் மனைவியின் தலையில் அடித்தான். அவள் நினைவிழந்தாள். செத்துவிட்டாள் என்று நினைத்து, தூக்குப்போட்டுக்கொண்டதாகக் காட்ட உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டான். கயிறு இறுக்கியதில்தான் உயிர் போனது. சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு சொன்னது: அடிக்கும்போது கொல்லும் எண்ணம் இல்லை. தொங்கவிடும்போது அவன் மனதில் இருந்தது பிணம். உயிருள்ள ஆளைக் கொல்லும் எண்ணம் எந்தக் கட்டத்திலும் இல்லை. எனவே கொலை இல்லை, கொடுங்காயம் மட்டும்.

1943-இல் தவமணி வழக்கு. நந்தவனத்தில் ஒரு பெண்ணைத் தாக்கி நகைகளை எடுத்தார்கள். இறந்துவிட்டதாக நினைத்துக் கிணற்றில் போட்டார்கள். போடும்போது உயிர் இருந்தது. இங்கே முதல் அடியிலேயே கொல்லும் எண்ணம் இருந்தது. அடித்ததும் கிணற்றில் போட்டதும் ஒரே காரியத்தின் இரண்டு பாதிகள். கொலை என்று தீர்ப்பானது.

பழனி கவுண்டன் தீர்ப்பைப் படிப்பவர்களுக்குக் கோபம் வரும், எனக்கும் வந்தது. அந்தப் பெண்ணின் சாவுக்கு இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் எண்ணம் இருந்திருக்கும் என்று ஊகித்துக் கொலைத் தண்டனை கொடுக்க நீதிமன்றத்துக்கு அனுமதி கொடுத்தால், அந்த அனுமதி அதோடு நிற்காது.

குடிபோதையில் செய்தேன், நினைவே இல்லை. தப்பிக்க முடியுமா?

யாராவது தெரியாமலோ வலுக்கட்டாயமாகவோ குடிக்கவைத்து, செய்வது இன்னதென்று தெரியாத நிலைக்குப் போயிருந்தால் மட்டும் பிரிவு 23 காக்கும். தானாகக் குடித்தவருக்குத் தெளிவாக இருந்தவருக்குள்ள அறிவு இருந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். எண்ணம் இருந்ததா என்பதை மட்டும் நடந்ததை வைத்துப் பார்க்கும். கல்யாண விருந்தில் நன்றாகக் குடித்திருந்த ஓய்வுபெற்ற ராணுவ ஜமேதார், இருக்கையிலிருந்து நகர மறுத்த சிறுவனைச் சுட்டுக் கொன்றார். அவரால் நடக்கவும் பேசவும் முடிந்தது. தப்பிக்கப் பார்த்தார், பிடிபட்டதும் மன்னிப்புக் கேட்டார். இவற்றைக் காட்டி 1956-இல் உச்ச நீதிமன்றம் அது கொலைதான் என்றது.

மனநோய் இருந்தால் விடுதலையா?

மருத்துவச் சீட்டு இருப்பது மட்டும் போதாது. செய்யும் நேரத்தில், செயலின் தன்மையோ அது தவறு அல்லது சட்டவிரோதம் என்பதோ தெரியாத அளவுக்கு மனம் குலைந்திருக்கவேண்டும் என்பது பிரிவு 22, பழைய 84. இங்கிலாந்துப் பிரதமரின் செயலாளரைச் சுட்ட மெக்நாட்டன் வழக்கை ஒட்டி 1843-இல் உருவான விதிகளின் வழிவந்தது இது. மனநோய் இருந்ததைக் குற்றம் சாட்டப்பட்டவர்தான் காட்டவேண்டும். ஆனால் அரசுத் தரப்பு போல ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை. நீண்ட நாள் மனச்சிதைவு சிகிச்சையில் இருந்த காவலர் ஒருவர் மனைவியைக் கொன்ற வழக்கில், நோயின் வரலாற்றையும் அவர் ஓடவோ மறைக்கவோ முயலாததையும் பார்த்து 2002-இல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. வீட்டில் மனநோயாளி இருப்பவர்கள் சிகிச்சைச் சீட்டுகளைப் பத்திரமாக வையுங்கள். இப்படி விடுவிக்கப்பட்டவரைப் பாதுகாப்பான காவலிலோ, உறுதி கொடுக்கும் உறவினரிடமோ ஒப்படைப்பதுதான் நடைமுறை.

தவறாக நினைத்துச் செய்துவிட்டால்?

நடந்த விஷயத்தைப் பற்றிய பிழை, நல்லெண்ணத்தோடு இருந்தால், காக்கும். சட்டம் தெரியாது என்பது காக்காது. ஒடிசாவின் ரஸ்கோவிந்த்பூரில் கைவிடப்பட்ட விமானதளம் ஒன்றில் பேய் உலவுவதாக ஊரில் நம்பிக்கை. இரவில் அங்கே மினுங்கிய வெளிச்சத்தைப் பேய் என்று நினைத்து ஒரு நேபாளி குக்ரி என்ற வளைந்த கத்தியோடு பாய்ந்து வெட்டினார். அங்கே இருந்தவர்கள் அரிக்கேன் விளக்கோடு இலுப்பைப் பூ பொறுக்க வந்த பழங்குடிப் பெண்கள். ஒருவர் இறந்தார். பேய் என்று அவர் உண்மையாகவே நம்பினார் என்று கண்டு உயர் நீதிமன்றம் விடுவித்தது.

சாலை விபத்தில் மரணம். எந்தப் பிரிவு வரும்?

வழக்கமாக 106(1), பழைய 304ஏ. முன்பு 2 ஆண்டு வரை இருந்த தண்டனை இப்போது 5 ஆண்டு வரை. மருத்துவச் சிகிச்சையில் நேரும் மரணத்துக்கு மருத்துவருக்கு 2 ஆண்டு வரை. சாதாரணப் பிழைக்கு மருத்துவர் மீது குற்ற வழக்கு நிற்காது, மிக மோசமான அலட்சியம் வேண்டும் என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. விபத்து நடத்திவிட்டு ஓடிவிடுபவருக்கு 10 ஆண்டு வரை என்ற 106(2), லாரி ஓட்டுநர்களின் போராட்டத்துக்குப் பிறகு, 2024 ஜூலையில் மற்ற பிரிவுகளோடு நடப்புக்குக் கொண்டுவரப்படவில்லை.

ஆனால் எல்லா விபத்தும் கவனக்குறைவோடு நின்றுவிடாது. 2006 நவம்பரில் மும்பை பாந்த்ராவில் குடித்துவிட்டு வேகமாக ஓட்டப்பட்ட கார், நடைபாதையில் தூங்கிய தொழிலாளர்கள் மேல் ஏறி 7 பேர் இறந்தார்கள். விசாரணை நீதிமன்றம் வெறும் கவனக்குறைவு என்று 6 மாதம் கொடுத்தது. உயர் நீதிமன்றம், உயிர் போகும் என்று தெரிந்தே செய்தது என்று 304-க்கு மாற்றி 3 ஆண்டாக்கியது. 2012-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 7 உயிருக்கு 3 ஆண்டு மிகக் குறைவு என்பதே என் கருத்து.

கடன் வாங்கினவர் திருப்பித் தரவில்லை. 420 போடலாமா?

வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தால் மட்டும். இப்போது 318(4). வாங்கும்போது கொடுக்கும் எண்ணம் இருந்து, பிறகு தொழில் நொடித்ததாலோ மனம் மாறியதாலோ தராமல் போனால் அது உரிமையியல் வழக்கு. காவல் நிலையத்துக்கு அலைந்து மாதங்களை வீணாக்குபவர்கள் இதை முதலில் யோசிக்கவேண்டும். இல்லாத சொத்தைக் காட்டினாரா, போலிப் பத்திரம் கொடுத்தாரா, அதே நாளில் பலரிடம் அதே கதையைச் சொன்னாரா என்று தேடுங்கள். ஆரம்ப எண்ணத்தைக் காட்டுவது அவைதான்.

கோபத்தில் “செத்துத் தொலை” என்று சொன்னேன். அவர் தற்கொலை செய்துகொண்டார். நான் குற்றவாளியா?

சண்டையில் வாய்தவறி வந்த சொல் மட்டும் தற்கொலைக்குத் தூண்டுதல் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. அவரை அந்த முடிவுக்குத் தள்ளவேண்டும் என்ற எண்ணமும் அதற்கான செயலும் வேண்டும். தொடர்ந்து துன்புறுத்தி, வேறு வழியே இல்லாமல் செய்திருந்தால் கதை வேறு. அப்போது பிரிவு 108 வரும்.

நான் அடிக்கவே இல்லை, கூட நின்றேன். என்னையும் ஏன் சேர்த்தார்கள்?

பொது எண்ணம் என்பது 3(5), பழைய 34. 1923-இல் கல்கத்தா சங்கரிடோலா தபால் நிலையத்தில் போஸ்ட்மாஸ்டர் சுட்டுக் கொல்லப்பட்டார். நான் வெளியே முற்றத்தில்தான் நின்றேன் என்றவருக்கும் கொலைக் குற்றமே விழுந்தது. காவலுக்கு நிற்பதும் பங்குதான். ஆனால் அந்த எண்ணத்தில் உங்களுக்குப் பங்கு இருந்ததை அரசுத் தரப்பு நிரூபிக்கவேண்டும். வேடிக்கை பார்க்க வந்தவர் சேர்க்கப்பட்டிருந்தால், அங்கே எப்படி வந்தார், யாரோடு வந்தார் என்பதைக் காட்டும் சாட்சிகளை உடனே திரட்டுங்கள்.

எண்ணமே பார்க்காமல் தண்டிக்கும் சட்டங்கள் உண்டா?

உண்டு. 1962 நவம்பரில் ஜூரிக்கிலிருந்து மணிலா போகும் வழியில் பம்பாயில் இறங்கிய விமானத்தில் ஒரு ஜெர்மானியரிடம் 34 கிலோ தங்கம் சிக்கியது. தங்கம் கொண்டுவருவது பற்றிச் சில நாட்களுக்கு முன் வந்த புதிய அறிவிப்பு அவருக்குத் தெரியாது. அது அவருக்குத் தெரிந்திருக்கத் தேவையில்லை என்றார்கள் உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதிபதிகள். நீதிபதி சுப்பாராவ் மறுத்து எழுதினார். இன்னொரு வகையும் உண்டு: போதைப்பொருள் சட்டமும் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டமும் குற்ற எண்ணம் இருந்ததாகவே ஊகித்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது குற்றம் சாட்டப்பட்டவரின் பொறுப்பு.

குழந்தை செய்தால்?

7 வயதுக்குக் கீழே எதுவும் குற்றமில்லை. 7 முதல் 12 வரை, புரிந்துகொள்ளும் முதிர்ச்சி இருந்ததா என்று பார்ப்பார்கள். 18-க்குள் எல்லோரும் இளைஞர் நீதிக் குழுமத்துக்குத்தான் போவார்கள். 16 நிரம்பியவர் கொடிய குற்றம் செய்திருந்தால், விளைவை உணரும் திறன் இருந்ததா என்று முதலில் மதிப்பிடுவார்கள்.

நான் இலங்கையில், அல்லது சிங்கப்பூரில் இருக்கிறேன். இது எனக்கும் பொருந்துமா?

அடிப்படை ஒன்றுதான், ஏனென்றால் மூலம் ஒன்று. இலங்கையின் 1883 தண்டனைச் சட்டக்கோவையில் 293, 294 மரணக் குற்றத்துக்கும் கொலைக்குமான பிரிவுகள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் கொலை இன்னும் 300-ஆம் பிரிவுதான், விர்சா சிங் தீர்ப்பை அங்கும் எடுத்தாள்கிறார்கள். தண்டனையும் விதிவிலக்குகளும் நாட்டுக்கு நாடு மாறும். உள்ளூர் வழக்கறிஞரைக் கேளுங்கள்.

என் வழக்கு 2023-இல் நடந்தது. எந்தச் சட்டம்?

சம்பவம் நடந்த தேதிதான் கணக்கு. 2024 ஜூலை 1-க்கு முன் நடந்ததற்குப் பழைய தண்டனைச் சட்டமே பொருந்தும், விசாரணை இப்போது நடந்தாலும் சரி. பிறகு கூட்டப்பட்ட தண்டனையை முன்பு நடந்த குற்றத்துக்குப் போட அரசமைப்பின் 20-ஆம் பிரிவு அனுமதிப்பதில்லை. 2023-இல் நடந்த விபத்துக்கு 304ஏ-யின் 2 ஆண்டுதான் உச்ச வரம்பு. குற்றப்பத்திரிகையில் 106 என்று இருந்தால் அதை முதல் வாய்தாவிலேயே வழக்கறிஞர் மூலம் சுட்டிக்காட்டுங்கள்.